கள்ளன் பிறக்கிறதில்லை

தமிழில் ஒரு மாய உலகம் கட்ட வெளிக்கிடுகிற எல்லாரும் முதலில் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் விதிப்புத்தகத்தைத் திறப்பார்கள். அதில் இருக்கிற பாத்திர வகுப்புகளை வரிசையாக எழுதுவார்கள். பக்கத்தில் ஒரு தமிழ்ப் பெயர் போடுவார்கள். ஃபைட்டர் எண்டால் மறவர். விசார்ட் எண்டால் அந்தணர். பார்ட் எண்டால் பாணர். ரேஞ்சர் எண்டால் வேடர். ரோக்? கள்ளர். முடிஞ்சுது. "மச்சான், பக்கா தமிழ் செட்டிங் ரெடி, ஞாயிற்றுக்கிழமை வாங்கோ விளையாடுவம்."

இப்படியான பட்டியல்கள் எங்கட வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வந்து விழும். கூடவே பத்துக் கைதட்டல் ஸ்டிக்கரும் விழும். நாங்கள் கைதட்டுவதில்லை. ஏன் எண்டு கேட்டவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சொல்ல வந்ததை முதலே சொல்லிவிடுகிறோம். ஒரு கற்பனை உலகத்துக்குள் சாதி இருக்கலாம், இனவாதம் இருக்கலாம், அடிமை முறை இருக்கலாம். அவை எல்லாம் அந்த உலகத்தில் யாரோ செய்துவைத்த வேலைகள். ஆனால் விளையாட்டின் விதி அவற்றை நம்பக் கூடாது. பாத்திரத் தாளில் பிறப்பைத் தொழிலாகவும் தொழிலைக் குணமாகவும் எழுதிவைத்த அந்த நிமிசமே, உலகம் கட்டுகிறவர் தன் வேலையை விட்டுவிட்டுப் பதிவாளர் வேலைக்குப் போய்விடுகிறார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பதிவு எண்டால் என்னவெண்டு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

வகுப்பு எண்ட சொல்லே வில்லங்கம்

விளையாடாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஒரு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் உலகத்தை விவரித்துக் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், முடிவெடுப்பார்கள், சந்தேகமான இடத்தில் பகடை உருட்டுவார்கள். உங்கள் பாத்திரத்துக்கு என்ன தெரியும், என்ன செய்ய ஏலும் என்பதைச் சொல்வது அதன் கிளாஸ். வாள் தெரிந்தவர், மந்திரம் தெரிந்தவர், பூட்டுத் திறக்கத் தெரிந்தவர் எண்டு அது போகும்.

பார்க்கச் சின்ன விசயம். ஆனால் ஒரு உலகத்தைப் பற்றி விளையாடுகிறவர் முதலில் தெரிந்துகொள்வது வரைபடத்தையோ தெய்வங்களின் கதையையோ அல்ல, இந்தப் பட்டியலைத்தான். "இந்த உலகத்தில் நான் யாராக இருக்கலாம்?" என்ற கேள்விக்கு அதுதான் பதில். பட்டியலில் நாலு வகை மந்திரவாதி இருந்து ஒரு மருத்துவச்சிகூட இல்லையெண்டால், அந்த உலகம் யாரை மதிக்கிறது என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? வகுப்பு எண்டு சொல்கிறோம். வகு எண்டால் பிரி. பள்ளிக்கூடத்து வகுப்பும் அதுதான், வகுப்புவாதத்தில் இருக்கிற வகுப்பும் அதுதான். இந்த நாட்டுச் சட்டசபையில் 1833 தொடக்கம் 1931இல் டொனமூர் அரசியலமைப்பு வரும்வரைக்கும் ஆசனங்களை இனத்துக்கு இனம் பிரித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பெயர் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம். ஆங்கிலத்தில் கிளாஸ் எண்டு சொல்லும்போது கேட்காத சத்தம் தமிழில் சொல்லும்போது கேட்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டும் கேளாத மாதிரி இருக்க ஏலாது என்பதுதான் எங்கட வாதம்.

அவர்களே இறங்கிப்போன பஸ்

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது? கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974இல் டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸை வெளியிட்டார்கள். அதற்கு முன்னர் அவர்கள் விளையாடியது பொம்மைச் சிப்பாய்களை மேசையில் நகர்த்துகிற போர் விளையாட்டு. முதல் புத்தகத்தில் இருந்தது மூன்றே வகுப்பு: சண்டைக்காரர், மந்திரக்காரர், மதகுரு. அடுத்த வருசம், 1975இல், கிரேஹோக் என்ற இணைப்புப் புத்தகத்தில் திருடர் வந்து சேர்ந்தார். மேசையில் வேலையைப் பிரித்துக்கொள்ள இது வசதி. ஒருவர் முன்னால் நின்று அடி வாங்கவேணும், ஒருவர் பின்னால் நிண்டு நெருப்பு எறியவேணும், ஒருவர் காயத்தை ஆற்றவேணும். கிரிக்கெட் அணியில் விக்கெட் காப்பாளர் எண்டு ஒருத்தர் இருக்கிற மாதிரி. அதில் எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. விக்கெட் காப்பாளராக யாரும் பிறக்கிறதில்லை. போன கிழமை பந்து போட்டவர் இந்தக் கிழமை கையுறை போடலாம்.

பிரச்சினை அதே புத்தகத்தின் வேறு பக்கத்தில் இருந்தது. குள்ளர் இனத்தில் பிறந்த பாத்திரம் சண்டைக்காரராக மட்டும்தான் வரலாம், அதுவும் ஆறாம் நிலைக்கு மேலே ஏற ஏலாது. ஹாபிட் எண்டால் நாலாம் நிலையோடு சரி. மனிதருக்கு மட்டும் கூரை இல்லை. 1978இல் வந்த பெரிய விதிப்புத்தகம் எந்த இனம் எந்த வகுப்பில் எதுவரை ஏறலாம் எண்டு அட்டவணை போட்டது. மனிதப் பெண்ணின் உடல்பலத்துக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பும் அதிலே இருக்கிறது. 1981இல் வந்த அடிப்படைப் பெட்டியில் விசயம் இன்னும் வெளிப்படை. மனிதருக்குச் சண்டைக்காரர், மதகுரு, மந்திரக்காரர், திருடர் எண்டு தெரிவு இருந்தது. எல்ஃப், குள்ளர், ஹாஃப்லிங் ஆகியோருக்கு அவர்களுடைய இனமே வகுப்பு. தெரிவு பெரும்பான்மைக்கு, பிறப்பு மற்றவனுக்கு.

ஏன் இந்த வரம்பு எண்டு கேட்டதுக்கு கைகாக்ஸ் சொன்ன நியாயம், உலகம் மனிதரை மையமாக வைத்ததாக இருக்கவேணும் என்பது. பெரும்பான்மை ஆளும் உலகம் வேணும், அதற்காக மற்றவர்கள் ஏறுகிற ஏணியில் மேல்படிகளைக் கழட்டிவிடுவோம். இதைக் கேட்டவுடனே உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறோம்.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு அந்த வரம்புகளை எடுத்துவிட்டது. 2020இல் வந்த ஒரு துணைப்புத்தகம், இனத்தோடு கட்டிவைத்திருந்த பலம், அறிவு போன்ற புள்ளிகளை விளையாடுகிறவர் விரும்பியபடி மாற்றிக்கொள்ள வழி விட்டது. 2024 பதிப்பு இனம் என்ற சொல்லையே விட்டு உயிரினம் என்ற பொருளில் வேறு சொல்லுக்குப் போனது. புள்ளிகளைப் பிறப்பிலிருந்து பிடுங்கி, வளர்ந்த பின்னணியோடு சேர்த்தது. அது ஒரு பெரிய கொம்பனி, சந்தையைப் பார்த்துத்தான் நடக்கும். இருந்தாலும் ஐம்பது வருசத்தில் அவர்கள் இறங்கிவிட்ட பஸ்ஸில், "பண்பாட்டுச் சுவை" எண்டு சொல்லிக்கொண்டு நாங்கள் ஏன் இப்ப ஓடிப்போய் ஏறவேணும்?

திருடர் வகுப்பை உண்மையாகவே எழுதிய அரசு

ரோக் எண்டால் கள்ளர் எண்டு எழுதினவர் அகராதியைத்தான் பார்த்திருப்பார். ஆனால் தமிழ்நாட்டில் அது ஒரு சாதியின் பெயர். அந்தப் பெயரோடு ஒரு சட்டம் விளையாடியிருக்கிறது.

1871இல் பிரித்தானிய இந்திய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. முழுச் சமூகங்களையே பிறப்பால் குற்றவாளிகள் எண்டு அறிவிக்க அது அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. 1911இல் அதைப் புதுப்பித்தபோது சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்கள் அந்தப் பட்டியலுக்குள் வந்தார்கள். களவெடுத்தீர்களா இல்லையா எண்டு யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் பிறந்த ஆணா? வந்து கைரேகை வை. இரவில் பொலிஸிடம் வந்து ஆளைக் காட்டு. ஊரை விட்டுப் போறதெண்டால் அனுமதிச் சீட்டு எடு. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் எண்டே சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் திகதி உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது பொலிஸ் சுட்டது. பலர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இலும் இந்தியா முழுக்க 1952இலும்தான் அந்தச் சட்டம் போனது.

திருட்டு ஒரு செயல். பூட்டுத் திறக்கிறது கற்றுக்கொள்கிற கைவேலை. ஒரு விளையாட்டில் "திருடர்" எண்டு ஒரு வகுப்பு இருப்பது, இந்த ஆளுக்கு இந்த வேலை தெரியும் என்ற அளவில் நியாயமானது. அதையே ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரால் அழைத்தால், அந்தக் கூட்டத்தில் பிறந்தவனுக்கு அந்த வேலை இரத்தத்தில் ஊறியது எண்டு விதிப்புத்தகம் சத்தியம் பண்ணுகிறது. பகடை உருட்டுவதற்கு முதலே ரேகை எடுத்தாகிவிட்டது. எங்கட பிள்ளைகள் சும்மா பகிடிக்குப் போட்ட ஒரு சொல், வெள்ளைக்காரன் சட்டமாகப் போட்ட அதே வசனம்.

"அந்தக் காலத்தில அப்பிடித்தானே இருந்தது"

இந்த மறுமொழி கட்டாயம் வரும். "நாங்க வரலாற்றைத்தானே காட்டுறம், இல்லாததை இருக்கு எண்டு சொல்லேலயே."

சரி, வரலாற்றையே பார்ப்பம். பாணரை எடுங்கள். சங்க இலக்கியத்தில் பாணர் யாழோடு ஊர் ஊராகப் போய், அரசனுக்கு முன்னால் பாடிப் பரிசு வாங்குகிறவர். சில நூற்றாண்டு கழித்துத் திருப்பாணாழ்வார் கதைக்கு வாருங்கள். அதே பாணர் குலத்தில் வளர்ந்தவர் எண்டு சொல்லப்படுகிற அவர், ஶ்ரீரங்கம் கோயிலுக்குள் கால் வைக்க ஏலாமல் காவிரிக் கரையில் நிண்டு பாடுகிறார். பெயர் ஒன்று, இடம் தலைகீழ். உங்கட செட்டிங்கில் இருக்கிறது எந்தப் பாணர்? எந்த நூற்றாண்டை உறைய வைத்துப் "பாணர் எண்டால் இது" எண்டு விதி எழுதினீர்கள்?

நூற்றாண்டுகூட வேண்டாம், கடலைத் தாண்டினாலே போதும். தமிழ்நாட்டுப் படத்தில் நாட்டாமை எண்டால் ஆலமரத்தடியில் சொம்பு வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிற பெரிய மனிசர். புறக்கோட்டையில் நாட்டாமி எண்டால் மூட்டை சுமந்து கைவண்டி தள்ளுகிற தொழிலாளி. பாக்கு நீரிணையில் விழுந்து எழும்பினதோடு பதவி போய்விட்டது! ஒரு பெயருக்குள் ஒரு நிரந்தரக் குணம் ஒளிந்திருக்கிறது எண்டு நம்புகிறவர்கள், ஒரு நாளைக்கு மெயின் வீதியில் வழி மறித்து நிண்டு பார்க்கட்டும். "விலகுங்கோ, விலகுங்கோ" எண்டு வண்டியே பதில் சொல்லும்.

வரலாறு எண்டு சொல்லிக் கையில் கிடைப்பது பல நேரங்களில் பட்டியல்தான். அதை யார் எழுதினார்கள் எண்டு பாருங்கள். யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்த தேசவழமையை 1707இல் ஒல்லாந்தருக்காக எழுதிக் கொடுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி. அது சரியா எண்டு பார்த்து ஒப்பம் வைத்தவர்கள் 12 முதலியார்கள். எந்தெந்தச் சாதியார் அடிமைகள் எண்டும் அதில் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. அந்தச் சாதியாரிடம் யாராவது ஒப்பம் கேட்டார்களா? வைத்திருந்தவர்கள் எழுதியதை "அந்தக் காலத்தில் அப்பிடித்தான்" எண்டு நாங்கள் 2020களில் விதியாகப் போட்டால், அந்த 12 பேருக்குப் பின்னால் பதின்மூன்றாவது ஒப்பம் எங்களுடையது.

இன்னொரு கூட்டம் புத்திசாலித்தனமாகத் திணைக்கு ஓடும். நிலத்துக்கு நிலம் தெய்வம், உணவு, மரம், பறவை, பறை, தொழில் எண்டு தொல்காப்பியம் கருப்பொருள் வகுத்திருக்கிறதே, இதைவிட நல்ல உலகக் கட்டுமானம் உண்டோ எண்டு கேட்பார்கள். உண்மை, அழகான முறை, எங்களுக்கும் ஆசைதான். ஆனால் திணை முதலில் கவிதைக்கான இலக்கணம், ஊர்ப் பதிவேடு அல்ல. அதை வகுப்புப் பட்டியலாக்கி வெள்ளவத்தையில் போட்டுப் பாருங்கள். எந்த ஒழுங்கைக்குள் இறங்கினாலும் முடிவில் தண்டவாளமும் கடலும். சந்தேகமில்லாத நெய்தல் நிலம். ஆனால் அங்கே இருப்பது யார்? கணக்காளர், சாறிக்கடைப் பிள்ளை, கணிதம் படிப்பிக்கிற டியூஷன் மாஸ்டர், கனடா விசாவுக்குக் காத்திருக்கிற அம்மம்மா. ஊர் விட்டு ஊர் வந்தவர்களால் ஆன நகரம் இது. நிலத்தோடு ஆளைத் தைத்துவிடுகிற முறையில் எங்களுக்கு இடம் இல்லை. திணையை உணர்வுக்கும் காலநிலைக்கும் எடுங்கள். ஆளுக்கு முத்திரை குத்த எடுக்காதீர்கள்.

இனத்துக்கு இத்தனை புள்ளி

ஞாபகம் வருகிறதா எண்டு கேட்டோமே, அதற்கு வருவம். எல்ஃபுக்கு இரண்டு புள்ளி கூட்டு, ஓர்க்குக்கு இரண்டு புள்ளி குறை எண்டு பழைய புத்தகங்களில் படித்தபோது எங்களில் பலருக்கு அது கற்பனையாகவே தெரியவில்லை. 1971இல் இந்த நாட்டில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது, மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழி மூலம் எழுதியவருக்குக் குறைந்தது 229 புள்ளி போதும். தமிழ் மொழி மூலம் எழுதியவருக்கு 250 வேணும். 400க்கு. இதுதான் இனவழிப் புள்ளித் திருத்தம். எந்த மந்திரவாதியும் தேவைப்படவில்லை, வர்த்தமானியும் ஒரு அமைச்சும் போதுமாக இருந்தது.

1974இல் மாவட்ட அடிப்படை வந்தது. அது யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அடித்தது, வசதி குறைந்த மாவட்டங்களுக்குக் கதவைத் திறந்தது. இதைப் பற்றி எங்கட வீடுகளில் இன்னும் சண்டை ஓயவில்லை, இங்கே அதைத் தீர்க்கப் போவதில்லை. ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் உலகம் கட்டுகிறவருக்குப் பெரிய பாடம். ஒன்று நீ யாருக்குப் பிறந்தாய் எண்டு கேட்கிறது. மற்றது நீ படித்த பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆய்வுகூடம் இருந்ததா எண்டு கேட்கிறது. புள்ளி கூட்டிக் குறைக்கத்தான் வேணும் எண்டால், உங்கட விதி இரண்டாவது கேள்வியைக் கேட்கட்டும்.

"இது வெறும் விளையாட்டு"

2007 யூன் 7ஆம் திகதி விடியற்காலை. கொழும்பில், எங்கட ஏரியா லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி பஸ்களில் ஏற்றினார்கள். 376 பேர். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாடு போகக் காத்திருந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் எல்லாரும் ஒரே வகுப்பு: "காரணமில்லாமல் கொழும்பில் தங்கியிருப்பவர்". வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். அடுத்த நாள் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. எங்களில் கன பேர் அப்போது கைக்குழந்தைகள், அல்லது பிறக்கவே இல்லை. ஆனால் ஐசி இல்லாமல் சந்திக் கடைக்கும் போகாதே எண்டு சொல்கிற அம்மாக்களிடம்தான் வளர்ந்தோம். அடையாள அட்டையில் சிங்களம் மட்டும் இருக்கிறதா, தமிழும் சேர்ந்து இருக்கிறதா என்பதைப் பார்த்தே சோதனைச் சாவடியில் ஆளை மட்டுக்கட்டின காலம் அது. எங்கட பிறப்புச் சான்றிதழில் தகப்பனின் இனம் எண்டு ஒரு கட்டம் இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பத்துக்கு அந்தக் கட்டத்தில் "இந்தியத் தமிழர்" எண்டு இருக்கும், இந்தியாவை அவர்கள் பார்த்தது சண் டிவியில்.

ஆகவே, பாத்திரத் தாளில் "இனம்: ... வகுப்பு: ..." எண்டு கட்டம் பார்த்தால் எங்களுக்கு அது வெறும் விளையாட்டாகத் தெரிகிறதில்லை. மன்னிக்கவும், அந்தப் படிவம் நிரப்பி எங்களுக்குப் பழக்கம்.

இதற்காக "அப்ப சாதி, இனம் ஒண்டும் இல்லாத நல்ல உலகம் கட்டுவம், எல்லாரும் சந்தோசமா ட்ராகன் அடிப்பம்" எண்டு சொல்கிறவர்களோடும் எங்களுக்கு உடன்பாடு இல்லை. அது வெள்ளை அடிக்கிற வேலை. கலியாண விளம்பரத்தில் சாதி கேட்கிற சமூகம், விளையாடும்போது மட்டும் கை கழுவுகிற மாதிரி.

எப்படிச் செய்யலாம் எண்டு பார்க்க வெளியே போகத் தேவையில்லை. கொழும்பிலிருந்து எழுதுகிற வஜ்ர சந்திரசேகர 2023இல் வெளியிட்ட "த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்" என்ற ஆங்கில நாவல் நெபுலா விருது வாங்கியது. மாயக் கதவுகளும் பேய்களும் உள்ள அந்த உலகத்தில் இனம், சாதி எண்டு வகைப்பாடுகள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் அங்கே அவை ஆட்சி செய்கிறவர்களின் கருவி. மனிதரின் இயற்கை எண்டு கதை ஒரு இடத்திலும் ஒப்புக்கொள்வதில்லை. வித்தியாசம் அதுதான். பாத்திரங்கள் பொய்யை நம்பலாம், புத்தகம் நம்பக் கூடாது.

இரண்டு தாள்

குறை சொல்லிவிட்டு எழும்பிப் போக நாங்கள் வரவில்லை. வேறு வழி இருக்கிறது. 1977இலேயே ட்ராவலர் என்ற விண்வெளி விளையாட்டு வகுப்பே இல்லாமல் வந்தது. விளையாட்டுத் தொடங்க முதல் உங்கள் பாத்திரம் எந்த வேலையில் சேர்ந்தது, எத்தனை வருசம் இருந்தது, என்ன கற்றது எண்டு ஒரு வாழ்க்கையைப் பகடையால் உருட்டி எடுப்பீர்கள். ஆள் செய்த வேலைகளின் மிச்சம்தான் ஆள். கொட்டாஞ்சேனைக்கு இதைவிடப் பொருத்தமான முறை இருக்கா? துறைமுகத்தில் எட்டு வருசம், சவூதியில் நாலு வருசம், திரும்பி வந்து போட்டோகொப்பிக் கடை. அந்த மனிசரை ஒரு கட்டத்துக்குள் அடையுங்கோ பார்ப்பம்.

வகுப்பு வேணும் எண்டால் எங்கட தெருவிலிருந்தே எடுங்கள். மூன்று மொழியிலும் ஒரே பொய்யை ஒரே மாதிரிச் சொல்லக்கூடிய மொழிபெயர்ப்பாளர். எந்தக் கந்தோருக்கும் மனு எழுதத் தெரிந்தவர். யார் எந்த அறையில் எண்டு வாய் திறக்காத லொட்ஜ் மனேஜர். நகரத்தின் எல்லாக் குறுக்கு வழியும் தெரிந்த நாட்டாமி. ஒரு ஒப்பத்தால் ஆளைக் காப்பாற்றுகிற சமாதான நீதவான். இவர்களிடம் இருப்பதும் மந்திரம்தான். ஒவ்வொரு வகுப்பையும் எழுதும்போது மூன்று கேள்வி கேளுங்கள். யாரும் கற்று உள்ளே வரலாமா? வேண்டாம் எண்டால் வெளியே போகலாமா? இந்தப் பெயரை வைத்தது அந்த வேலை செய்கிறவரா, அவரை ஏவுகிறவரா? மூன்றுக்கும் பதில் சரியில்லையெண்டால் நீங்கள் எழுதியிருப்பது சாதி.

சாதியையும் இனத்தையும் எங்கே வைப்பது? ஒரு இரண்டாவது தாளில். முதல் தாள் விளையாடுகிறவரின் கையில்: எனக்கு என்ன தெரியும், என்ன செய்ய ஏலும். இரண்டாவது தாள் கதை நடத்துகிறவரின் கையில்: அந்த உலகத்தின் அரசு என்னை யார் எண்டு எழுதிவைத்திருக்கிறது. அதை யார் எழுதினார்கள், எந்த ஆண்டு, எந்தக் கந்தோரில், யாருக்கு இலாபம் எண்டு அந்த உலகத்தின் வரலாற்றில் இருக்கவேணும். அந்தத் தாளைத் திருடலாம், கள்ளமாக அச்சடிக்கலாம், தொலைக்கலாம், வழக்குப் போடலாம், எரிக்கலாம். ஆனால் அதிலிருந்து ஒரு புள்ளிகூட முதல் தாளுக்கு வரக்கூடாது. இரண்டு தாளும் பொருந்தாத இடத்தில்தான் கதை இருக்கிறது.

கதைக்கு ஆள் இல்லையெண்டு கவலைப்பட வேண்டாம். 1933இல் வெள்ளவத்தை நெசவாலையில் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் மலையாளித் தொழிலாளரும் இருந்தார்கள். அதுவரை கொழும்புத் தொழிலாளரின் பெரிய தலைவராக இருந்த ஏ. ஈ. குணசிங்க அந்த வேலைநிறுத்தத்துக்கு எதிராக நின்றார். அதே தசாப்தத்தில் மலையாளிகளுக்கு எதிரான பிரசாரத்தையும் நடத்தினார். வேலைநிறுத்தக்காரரோடு நின்ற இளைஞர்கள் 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். செய்யும் வேலையால் ஒன்றாக நிண்டவர்களைப் பிறந்த இடத்தைச் சொல்லிப் பிரித்த கதை அது. முதல் தாளுக்கும் இரண்டாவது தாளுக்கும் நடந்த சண்டை. காலி வீதியிலிருந்து நடக்கிற தூரத்தில் இப்படி ஒரு கதை கிடக்க, மறவர் மலை ஏறி ட்ராகன் கொன்ற கதை எத்தனை தரம்தான் விளையாடுவது?

உங்கட வகுப்புப் பட்டியல்களை எங்களுக்கு அனுப்புங்கள். வாசிப்போம், சண்டை பிடிப்போம், நல்லதென்றால் விளையாடிப் பார்த்து எழுதுவோம். கள்ளர் எண்டு ஒரு வகுப்பு அதில் இருந்தால் மட்டும், அந்த ஆள் யாரிடம், எங்கே, எத்தனை வயதில் பூட்டுத் திறக்கப் பழகினார் எண்டும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.